சிரிக்க வைத்தவர்களுக்கு ஒரு செபம்

(நம் பங்கின் பவள விழாவையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மலருக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் வேலையைப் பங்குத் தந்தை எங்களில் நால்வரிடம் ஒப்படைத்தார்கள். வேலை முடிந்ததும், "மறைந்த பெரியோர்களைப் பற்றி நீங்களே பேசிவிடுங்கள்" என்றும் பணித்தார்கள். நம் பங்கை உருவாக்கிய குருக்களைப் பற்றியும், பள்ளியை நடத்திய கன்னியரைப் பற்றியும் எங்களுக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாங்கள் வேறு ஒரு கூட்டத்தாரை நினைவுகூர விரும்புகிறோம். மேடையிலும் திரையிலும் நின்று நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே இறையடி சேர்ந்துவிட்ட கலைஞர்கள் அவர்கள்.

கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "கோயில் விழாவில் கூத்தாடிகளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நம் வீடுகளில் காலங்காலமாகக் கேட்டு வந்த கேள்விதான் அது. அந்தக் கேள்விக்கு எங்களால் இயன்ற பதிலாக இந்த உரையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் பிரான்சு தேசத்துக்குப் போவோம். மோலியேர் என்று ஒரு நாடகாசிரியர். நகைச்சுவை நாடகங்களை எழுதி, தாமே நடித்து, மன்னர் பதினான்காம் லூயியின் அன்பைப் பெற்றவர். 1673 பிப்ரவரி 17 அன்று, நோயே இல்லாமல் தன்னை நோயாளி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவனின் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவருக்குக் கடுமையான நெஞ்சு நோய். மேடையிலேயே தளர்ந்தார், வீட்டுக்குக் கொண்டுபோன சில மணி நேரத்தில் இறந்தார். அருகில் இரண்டு கன்னியர் இருந்தார்கள். குருவானவரை அழைக்க ஆள் ஓடிற்று. இருவர் வர மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. நடிகர்கள் தங்கள் தொழிலைக் கைவிடுவதாக வாக்களித்தால்தான் அவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் என்பது அந்நாட்டில் அன்றைய வழக்கம். அவருடைய மனைவி மன்னரிடமே போய் மன்றாடிய பிறகுதான், இரவு நேரத்தில், ஆடம்பரச் சடங்கு எதுவுமின்றி, புனித சூசையப்பர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறோம்? திருச்சபையைக் குறை கூற அல்ல. அதே திருச்சபைதான் புனித ஜெனேசியுஸ் என்ற உரோமை நடிகரை நடிகர்களின் பாதுகாவலராக வணங்கி வருகிறது. திருமுழுக்கைக் கேலி செய்து நடிக்க மேடையேறியவர், நடித்துக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, அதற்காக உயிரையும் கொடுத்தார் என்பது மரபு. ஆகஸ்டு 25 அவருடைய திருநாள். ஒரு நடிகருக்குப் பீடத்தில் இடம் கொடுத்தோம். இன்னொரு நடிகருக்குக் கல்லறையில் இடம் கொடுக்கத் தயங்கினோம். மனிதர்களாகிய நம் உள்ளம் இப்படித்தான் இரண்டு பட்டுக் கிடக்கிறது.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) சூசையப்பரின் புகழ் பாடத் தேம்பாவணி இயற்றினார் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதே முனிவர்தான் பரமார்த்த குருவையும் அவருடைய மட்டிச் சீடர்களையும் படைத்து, தமிழ்ப் பிள்ளைகளை இன்றுவரை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார். துறவி ஒருவர் எழுதிய சிரிப்புக் கதை அது. சிரிப்பு பாவம் என்று அவர் நினைக்கவில்லை. ஆவூரிலும் இடைக்காட்டூரிலும் பாஸ்கா நடப்பதை நீங்கள் அறிவீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார் ஆண்டவருடைய பாடுகளைக் கற்றது புத்தகத்தில் அல்ல, விடிய விடிய நடந்த அந்த மேடைகளில்தான்.

திரைப்படத்தின் கதையும் அப்படியே. 1948-ஆம் ஆண்டில் ஞானசௌந்தரியின் கதையை இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் படமாக எடுத்தன. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த பெண்ணுக்குத் தேவமாதா மீண்டும் கைகளை அருளும் கதை. சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த படமே மக்கள் மனத்தில் நின்றது. அதில் மாதாவை வேண்டிப் பாடும் பாட்டைச் சிறுமிக்காக ஜிக்கியும், வளர்ந்த பெண்ணுக்காகப் பி. ஏ. பெரியநாயகியும் பாடினார்கள். படம் கொட்டகையை விட்டுப் போயிற்று. பாட்டு நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மாலை செபம் முடிந்ததும் அந்தப் பாட்டைப் பாடிய தாய்மார்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். பெரியநாயகி 1990-இலும், ஜிக்கி 2004-இலும் மறைந்தார்கள். அவர்கள் தந்த பாட்டை நாம் மாதாவுக்குக் காணிக்கையாக்கினோம். அவர்கள் ஆன்மாவுக்காக ஒரு 'அருள் நிறைந்த' சொன்னோமா? எங்களைக் கேட்டால், நாங்கள் சொன்னதில்லை.

இனி, எங்கள் உள்ளத்தில் முதலிடம் பெற்ற கலைஞரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் ஜே. பி. சந்திரபாபு.

ஜே. பி. என்னும் எழுத்துகளின் விரிவை அறிந்தவர்கள் இன்று குறைவு. ஜோசப் பனிமயதாஸ் என்பதே அது. தூத்துக்குடிக் கடற்கரையைக் காத்து நிற்கும் பனிமய மாதாவின் தாசன் என்று பெற்றோர் அவருக்குப் பெயரிட்டார்கள். 1927 ஆகஸ்டில், மாதாவின் திருநாள் வரும் அதே மாதத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அதனால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. பிள்ளை கொழும்பில் படித்தார். மேனாட்டு இசையும் ஆட்டமும் அங்கேதான் அவருக்குள் புகுந்தன. பின்னர் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-இல் திரையில் முதன்முதலாகத் தோன்றினார்.

ஆனால் வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. படக் கம்பெனிகளின் வாசலில் காத்துக் காத்துச் சோர்ந்து, 1952-இல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றினார்கள். காப்பாற்றிய கையோடு வழக்கும் போட்டார்கள். தற்கொலைக்கு முயல்வது அன்றைய சட்டப்படி குற்றம். அதிலிருந்து மீண்டு வந்துதான் அந்த மனிதர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார். 1958-இல் வந்த 'சபாஷ் மீனா' படத்தில் இரட்டை வேடம். நாகரிக இளைஞராகவும், சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரராகவும் ஒருவரே வந்து, உடன் நடித்த சிவாஜி கணேசனுக்கு ஈடாகப் பேர் வாங்கினார். தம் பாட்டைத் தாமே பாடினார். மேனாட்டு மலைநாட்டார் குரலை உடைத்து உடைத்துப் பாடும் முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். தத்துவப் பாட்டையும் அவரால் துள்ளலாகப் பாட முடிந்தது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தைத் தாமே இயக்கினார். அந்தத் தலைப்பு எந்தப் புத்தகத்தில் உள்ளது என்பதை இந்தச் சபைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பே வீழ்ச்சி தொடங்கிவிட்டது. 'மாடி வீட்டு ஏழை' என்ற பெயரில் அவர் தொடங்கிய படம் நின்றுபோய், கடன் கழுத்தை நெரித்தது. மாடி வரைக்கும் கார் ஏறிப் போகும்படி ஆசையாய்க் கட்டத் தொடங்கிய வீடும் கையை விட்டுப் போயிற்று. மண வாழ்வு நிலைக்கவில்லை. குடி அவரைப் பிடித்துக்கொண்டது. பேச்சில் பணிவு இல்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்க நாங்கள் வரவில்லை. 1974 மார்ச்சில் அவர் இறந்தபோது வயது 46 மட்டுமே. அவர் விருப்பப்படி, உயிர் நண்பராகிய இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதனின் வீட்டில் உடல் வைக்கப்பட்டு, பிறகு சென்னை குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. பனிமய மாதாவின் தாசனை, வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் வீட்டிலிருந்து வழியனுப்பினார். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் நாணமாகவும் இருக்கிறது. நட்பின் பெருமையை எண்ணி மகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். 1952-இல் அவர் பிழைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரிந்தே தன் உயிரைப் போக்கிக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்பதே அன்றைய சட்டம். 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூலோ, அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று கற்பிக்கிறது. தாய் தன் பிள்ளைகளின் துன்பத்தைப் புரிந்துகொள்ளச் சில வேளைகளில் காலம் பிடிக்கிறது. ஆனால் புரிந்துகொள்கிறாள். நம் தெருவில் அப்படிப் பிள்ளையை இழந்த ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டு வாசலில் நின்று கிசுகிசுக்கும் வழக்கத்தை நாம் இன்றோடு விட்டுவிட வேண்டாமா?

மற்றவர்களையும் சற்றே எண்ணிப் பாருங்கள். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை பெற்று, மேல் முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானார்கள். ஊரே அண்ணாந்து பார்த்த பாகவதர் வெளியே வந்தபோது, பழைய கூட்டம் இல்லை. 1959 நவம்பர் 1 அன்று, நாம் சகல புனிதர்களின் திருநாளைக் கொண்டாடும் நாளில், 49 வயதில் கண்மூடினார். கலைவாணர் அதற்கு இரண்டாண்டு முன்பே, 1957 ஆகஸ்டு 30-இல் மறைந்தார். இல்லையென்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர்.

கலைவாணருக்குச் சென்னை தியாகராய நகரில் சிலை வைத்தபோது, அதைத் திறக்க வந்தவர் அன்றைய முதலமைச்சர் அறிஞர் அண்ணா. அது 1969 சனவரி. நோய் முற்றியிருந்த நிலையிலும் அந்த நண்பருக்காக வந்தார். அடுத்த மாதமே, பிப்ரவரி 3-இல், அவரும் மறைந்தார். அவரைப் பற்றிக் கத்தோலிக்கர்களாகிய நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1968-இல் வெளிநாட்டுப் பயணத்தின்போது வத்திக்கானில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. கோவா விடுதலைக்காகப் போராடிப் போர்த்துகல் சிறையில் ஆண்டுக் கணக்காக அடைபட்டிருந்த மோகன் ரானடே என்ற வீரரை விடுவிக்க உதவுமாறு வேண்டினார். ரானடே 1969 சனவரியில் விடுதலை பெற்றார். நன்றி சொல்ல அவர் சென்னைக்கு வந்தபோது அண்ணா உயிரோடு இல்லை. தம் மொழி பேசாத, தாம் பார்த்திராத ஒரு சிறையாளிக்காக வாதாடிய அந்த உள்ளத்தை நினைக்கும்போது, சிறையில் இருந்தேன், பார்க்க வந்தீர்கள் என்ற பொருளில் ஆண்டவர் சொன்னது நமக்கு நினைவு வருகிறதல்லவா?

நம்மவரிலும் அப்படி ஒருவர் இருந்தார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவர். தாதுவருடப் பஞ்சத்தில் தம் கைப்பொருளை அள்ளிக் கொடுத்துக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு உருகி, சைவ அடியாராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கத்தோலிக்கரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நல்லவரை நினைவு வைத்துக்கொள்வதற்குச் சமய வேலி கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, இதுவரை ஊரறிந்த பெயர்களைச் சொன்னோம். இனி ஊரறியாத ஒரு பெயருக்கு வருகிறோம். உண்மையில் இந்த உரையைத் தயாரிக்க எங்களைத் தூண்டியது அதுதான்.

நம் பங்கில் பாஸ்கா நடந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டவராக நடிக்கப் போட்டி இருக்கும். பிலாத்துவாக நடிக்கவும் ஆள் கிடைக்கும். யூதாஸ் வேடத்துக்கு மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு ஆண்டு சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஒருவர் பெயர் வந்தது. அவர் மறுக்கவில்லை. அந்த ஆண்டு தொடங்கி, பாஸ்கா நின்று போகும் வரை அவரே யூதாஸ். தபசுகாலம் முழுவதும் ஒருவேளை உண்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, அதன் பிறகே அந்த முப்பது வெள்ளிக்காசைக் கையில் வாங்குவார். அவர் காசை வீசி எறிந்து கதறும் கட்டத்தில் கல் நெஞ்சும் கரையும்.

திரை விழுந்த பிறகு நாம் என்ன செய்தோம்? அவரை யூதாஸ் என்றே கூப்பிட்டோம். கடையில், தெருவில், கோயில் வாசலில், எங்கும் அதே பேர். அவர் பிள்ளைகள் பள்ளியில் யூதாஸ் பிள்ளைகள் ஆனார்கள். முதலில் சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பூசைக்கு வந்தால் கடைசித் தூணருகே நிற்பார். நாங்களும் அப்போது சிறுவர்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் நாங்களும் உண்டு. இதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்வது எங்கள் கடமை.

விழா மலரில் பாஸ்கா நடிகர்களின் பட்டியலை வெளியிட எண்ணி, மரணப் பதிவேட்டில் அவரைத் தேடினோம். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை தெரியுமா? அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சந்திரபாபுவின் முதலெழுத்துகளுக்கு விரிவு தெரியும். பாகவதர் இறந்த தேதி தெரியும். நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிய மனிதரின் பெயர் தெரியாது. கடைசியில் வெளியூரில் வாழும் அவர் மகளைத் தேடிப் போய்க் கேட்டோம். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெயரைச் சொன்னார்கள். "இத்தனை வருஷம் கழித்தாவது கேட்டீர்களே" என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கும் இடத்தையும் காட்டினார்கள். அங்கே சிலுவையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை.

மக்கபேயர் ஆகமத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போரில் மடிந்தவர்களின் ஆடைக்குள் விலக்கப்பட்ட சிலைகள் இருந்தன. அவர்கள் குற்றவாளிகள் என்று தெரிந்தும், படைத்தலைவர் அவர்களைத் தூற்றவில்லை. வீரர்களிடம் பணம் திரட்டி, இறந்தவர்களின் பாவப் பொறுத்தலுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தவர்களுக்காக நாம் மன்றாடுவதற்கு வேதாகமத்தில் காட்டும் ஆதாரம் அதுவே. அந்தப் படைத்தலைவரின் பெயர் என்ன? யூதா. நாம் இகழ்ச்சியாகச் சொன்ன யூதாஸ் என்ற பெயரும் அதுவே. ஒரே பெயரை ஒருவன் காட்டிக்கொடுத்துக் கெடுத்தான். இன்னொருவர் இறந்தோரை நினைத்து உயர்த்தினார். நாம் எந்த யூதாவின் வழியில் நிற்கப் போகிறோம்?

ஆகவே பங்குத் தந்தையிடமும் உங்களிடமும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். ஒன்று, வருகிற நவம்பர் 2-இல் கல்லறை மந்திரிப்பின்போது நம் பங்கின் நாடகக் கலைஞர்கள், ஆர்மோனியக்காரர்கள், பாடகர்கள், வேடம் கட்டியவர்கள் அனைவரின் பெயரும், அவர்கள் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயராலேயே, வாசிக்கப்பட வேண்டும். அந்த மனிதரின் பெயர் முதலில் வர வேண்டும். அதனால்தான் இங்கே அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம். பீடத்திலிருந்து அது முதலில் ஒலிக்கட்டும். இரண்டு, அவர் கல்லறையில் ஒரு சிலுவை நட வேண்டும். செலவை நாங்கள் நால்வரும் ஏற்கிறோம். எங்கள் கடன் அது. மூன்று, உங்கள் வீட்டு வானொலியிலோ கைப்பேசியிலோ மறைந்த ஒரு கலைஞரின் குரலைக் கேட்டு மகிழும்போது, அவர் எந்தச் சமயத்தவராயினும், ஒரு நொடி நின்று அவர் ஆன்மா இளைப்பாற ஒரு சிறு செபம் சொல்லுங்கள். பாட்டுக்கு நாம் தரும் காணிக்கை அதுவாக இருக்கட்டும்.

இளமையில் மேடையேறி நடித்தவரும், 1999-இல் கலைஞர்களுக்கென்றே தனி மடல் எழுதியவருமான பாப்பரசர் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் இன்று பீடத்தில் இருக்கிறார். மோலியேருக்கு இரவில் கதவைத் திறந்த திருச்சபை, இன்று பகலில் திறந்து வைத்திருக்கிறது. நம் பங்கின் கதவும் அப்படியே திறந்திருக்கட்டும்.

கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். எங்கள் பதில் போதுமா என்பதை அவரே சொல்லட்டும். ஆனால் ஒன்று: நவம்பர் 2-இல் அவரும் ஒரு மெழுகுதிரியோடு வருவார் என்று நம்புகிறோம்.

மறைந்த கலைஞர் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக.